தம்பூராவை விழுங்கிய கருவி



கிளமெண்டி அவென்யூ 3 பக்கம் ஒரு வீவக வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. கர்நாடக இசைக் கச்சேரி. எண்பதை நெருங்கும் தாத்தா நாற்காலியில் சாய்ந்து கேட்கிறார். தனி ஆவர்த்தனம் தொடங்கிச் சற்று நேரத்தில், காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார்.

"என்ன தாத்தா, கழட்டிட்டீங்க?" என்கிறாள் பேத்தி.

"பேசினா நல்லாத்தான் கேக்குதும்மா. பாட்டுதான் சரியில்லை. தம்பூரா கொஞ்ச நேரம் கேக்குது, அப்புறம் தேஞ்சு போயிடுது. பாட்டுக்காரர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிச்சா இந்த மெஷின் நடுங்குது. மிருதங்கம் தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு."

பேத்தி பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறாள். பேட்டரியை மாற்றிப் பார்க்கிறாள், ஒலியைக் கூட்டிப் பார்க்கிறாள். ஒன்றும் உதவவில்லை. மறுவாரம் அந்தக் கருவி இழுப்பறைக்குள் போய்விடுகிறது. பாட்டோடு சேர்ந்து வீட்டார் பேச்சும் தாத்தாவுக்குக் கேட்காமல் போகிறது.

இந்தக் குடும்பம் கற்பனை. தாத்தாவின் புகார் கற்பனை அல்ல. காது கேட்கும் கருவி அணிந்த இசைப் பிரியர்கள் பல நாடுகளிலும் இதையே சொல்கிறார்கள். பேச்சைத் தெளிவாக்கும் கருவி பாட்டைக் கெடுப்பது ஏன்? அதை விளங்கிக்கொள்ள, மேடையில் எழுந்த ஒலி தாத்தாவின் காதுக்குப் போகும் வழியில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அந்த வழியில் ஒலி ஒருமுறை நிலையத்தில் சுருக்கப்படுகிறது, ஒருமுறை வானலையில் ஏற்றப்படுகிறது, கடைசியாகக் காதுக்கருவிக்குள் இன்னொரு முறை அலசப்படுகிறது. மூன்று இடத்திலும் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி கூட்டுகிறார்கள். மூன்றுக்கும் அடிப்படை ஒரே கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர் மின்சார விளக்குகூடப் பார்த்திராத ஒரு பிரெஞ்சுக்காரர்.

ஜோசப் ஃபூரியர் 1768இல் பிறந்தவர். தையற்காரரின் மகன். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குப் போனவர். திரும்பி வந்து கிரெனோபிள் நகரில் நிர்வாக அதிகாரியாக இருந்தபடியே, ஓர் உலோகத் தகட்டில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். எவ்வளவு கோணலான வளைவாக இருந்தாலும், அதைச் சீராக ஏறி இறங்கும் எளிய அலைகளின் கூட்டாக எழுதிவிடலாம் என்று கண்டு, 1807இல் பாரிஸ் அறிஞர் சபைக்கு எழுதி அனுப்பினார். லக்ராஞ்சு போன்ற பெரிய கணித மேதைகளுக்கு அது பிடிக்கவில்லை. மூலைமூலையாக உடைந்த ஒரு கோட்டை வழுவழுப்பான அலைகளால் எப்படிக் கட்ட முடியும் என்பது அவர்கள் கேள்வி. நூல் அச்சேற 1822 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்குக் கணிதப் புத்தகம் தேவையில்லை. ஒரு மிருதங்கம் போதும்.

ஒரு தந்தியை மீட்டினால் ஒரு சுரம் மட்டும் எழுவதில்லை. அடிப்படை அதிர்வு நொடிக்கு 100 என்றால், அதோடு 200, 300, 400 என்று மடங்கு மடங்காக மெல்லிய அதிர்வுகளும் சேர்ந்து எழும். மடங்குகள் சரியாக அமைவதால்தான் காது அதை ஒரே சுரமாக, இனிமையாக ஏற்றுக்கொள்கிறது. வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெறும் தோல் அப்படியல்ல. அதை அடித்தால் எழும் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விகிதத்தில் வரும். அதனால்தான் சாதாரண மேளம் 'டம்' என்று மட்டும் சொல்லும். அதற்கு இதுதான் சுருதி என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

மிருதங்கத்தையோ வீணையைப் போலச் சுருதி சேர்க்கிறார்கள். இது எப்படி என்று கேட்டவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன். நோபெல் பரிசுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1920இல், கல்கத்தாவில் இருந்தபோது இதைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி அடித்தால், அதிராத இடங்களில் மணல் கோடுகோடாகத் தங்கும். அந்தக் கோலங்களைப் பார்த்துத் தோல் எந்தெந்த வகையில் அதிர்கிறது என்று வரிசைப்படுத்தினார். வலந்தலையின் நடுவில் கறுப்பாக அப்பியிருக்கும் 'சோறு' அங்கே வேலை செய்கிறது. அந்தக் கனம், ஒட்டாத அதிர்வுகளைப் பிடித்து இழுத்து, 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று காட்டினார் ராமன். இடப்பக்கத் தொப்பியில் அவ்வப்போது ஈர ரவையை அப்புவதும் கனத்தைக் கூட்டிச் சுருதியைத் தாழ்த்தத்தான்.

ஃபூரியர் பிறப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே நம் கைவினைஞர்கள் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மேடையில் முழங்குபவர்கள் உண்டு. அது மிகை. அவர்கள் கண்டது கணக்கு அல்ல, விளைவு. தட்டித் தட்டிப் பார்த்து, சோற்றைச் சுரண்டியும் கூட்டியும், காதை நம்பி அங்கே வந்து சேர்ந்தார்கள். அதன் பெருமை அதற்கே போதும்.

சரி, ஃபூரியரின் கணக்கில் என்ன குறை?

ஒரு மூன்று மணி நேரக் கச்சேரியை முழுதாகப் பதிவு செய்து ஃபூரியர் முறையில் அலசினால், எந்தச் சுரம் எவ்வளவு இருந்தது என்று துல்லியமாகக் கணக்குக் கிடைக்கும். சட்ஜமம் இவ்வளவு, பஞ்சமம் இவ்வளவு. ஆனால் எது எப்போது வந்தது? அந்தத் தகவல் தொலைந்து போவதில்லை, எண்களுக்குள் எங்கோ புதைந்து கிடக்கிறது. எடுத்துப் படிக்கத்தான் வழியில்லை. வர்ணம் முதலில் பாடினாரா, துக்கடா முதலில் பாடினாரா என்றுகூட அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறையில் இருந்த மளிகைக் கணக்கை வைத்துக்கொண்டு, விருந்தில் எதை முதலில் பரிமாறினார்கள் என்று தேடுவது போன்றது.

சிறு சிறு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனியே அலசலாமே என்று கேட்பீர்கள். எல்லாக் கருவிகளும் அதைத்தான் செய்கின்றன. அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் சட்ஜமம் நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வு. சதுஸ்ருதி ரிஷபம் ஏறத்தாழ 147. இடைவெளி 16. இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டுமானால், துண்டின் நீளம் குறைந்தது ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்காவது, அதாவது அறுபது மில்லிநொடியாவது இருக்க வேண்டும். கமகத்தின் நுண்ணிய அசைவுகளைப் பிடிக்க இன்னும் நீளம் வேண்டும். ஆனால் மிருதங்க வித்துவான் வேகமாக வாசிக்கும்போது நொடிக்குப் பத்துச் சொற்கட்டு விழும். துண்டை நீளமாக வைத்தால் அடிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். குட்டையாக வைத்தால் அடி எந்தக் கணத்தில் விழுந்தது என்று தெரியும், சுருதி மங்கிவிடும். சுரம் வேண்டுமா, நேரம் வேண்டுமா? ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைத்தே ஆக வேண்டும். இது கருவியின் திறமைக் குறைவு அல்ல. அலைகளின் இயல்பே அது. டென்னிஸ் கேபர் 1946இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்.

இந்தப் பேரம் தாத்தாவின் வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வோர் இடத்திலும் நடக்கிறது.

முதலில் வானலையைப் பார்ப்போம். பழைய தொலைக்காட்சிக் காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு நிழல் உருவம் தெரியும். செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு செய்தி வாசிப்பவர் நிற்பார். அறைக்குள் வைக்கும் ஆண்டெனாவை எப்படித் திருப்பினாலும் அவர் போக மாட்டார். கிளமெண்டி போன்ற அடுக்குமாடி நகரில் இது வியப்பல்ல. நேராக வரும் அலையோடு, எதிர்ப் புளோக்கில் மோதித் திரும்பும் அலையும் சற்றுத் தாமதித்து வந்து சேரும். 300 மீட்டர் சுற்றி வந்தால் தாமதம் ஒரு மைக்ரோநொடி. அன்றைய முறையில் படத்தின் ஒரு கோடு வரைய 52 மைக்ரோநொடி. எனவே நிழல், திரையின் அகலத்தில் 52இல் ஒரு பங்கு தள்ளி விழும்.

சிங்கப்பூரில் 2013 டிசம்பரில் மின்னிலக்க ஒளிபரப்பு தொடங்கியது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. வசதி குறைந்த வீடுகளுக்கு உதவித் திட்டத்தின்கீழ் செட் டாப் பெட்டிகள் வந்தன. நிழல் உருவமும் அன்றோடு மறைந்தது. காரணம், புதிய முறையில் தகவலை ஒரே வேகமான அலையில் அனுப்பாமல், ஆயிரக்கணக்கான மெதுவான அலைகளில் பகிர்ந்து ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தவணையும் சில மில்லிநொடி வரை நீடிக்கும். எதிர்ப் புளோக்கில் மோதி வரும் எதிரொலி, தவணைக்கு முன் விடப்பட்ட சிறு இடைவெளிக்குள்ளேயே வந்து அடங்கிவிடும். ஆயிரக்கணக்கான அலைகளை ஒன்றாகக் கலப்பதும் வீட்டுப் பெட்டிக்குள் பிரிப்பதும் ஃபூரியர் கணக்குதான்.

இவ்வளவு கணக்கை ஒரு சிறிய பெட்டி எப்படிப் போடுகிறது? 1024 எண்களை நேரடியாக அலசப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். 1965இல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி இருவரும் வெளியிட்ட குறுக்குவழியில் சுமார் பத்தாயிரமே போதும். நூறில் ஒரு பங்கு. இதில் ஒரு வேடிக்கை. அதே குறுக்குவழியை ஜெர்மானியக் கணித மேதை கௌஸ் 1805 வாக்கிலேயே எழுதி வைத்திருந்தார். ஃபூரியரின் கட்டுரைக்கும் முன்பே! குறிப்பேட்டில் கிடந்ததை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் பயன்படுத்தவில்லை.

அடுத்தது சுருக்கும் கலை. இங்கே நம் ஊர்ப் பெயர்கள் வருகின்றன.

பெங்களூரில் 1940இல் பிறந்த நசீர் அகமது, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஃபூரியர் முறையின் உறவுக்கார முறை ஒன்றை, அதாவது கொசைன் அலைகளை மட்டும் வைத்து, படங்களைச் சுருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆய்வு நிதி கேட்டார். கிடைக்கவில்லை. மதிப்பிட்டவர்களில் ஒருவர், இது மிக எளிமையாக இருக்கிறதே என்று குறை சொன்னதாக அகமதே பின்னாளில் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பேராசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் ஆய்வு நிதியிலிருந்துதான் சம்பளம். நிதி இல்லையென்றால் சம்பளமும் இல்லை. 1973 கோடையில் சம்பளம் இல்லாமலே அந்த வேலையில் உட்கார்ந்தார். உடன் இருந்தவர்கள் இருவர். ஒருவர் அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜன். மற்றவர் டெக்சஸில் பணியாற்றிய கே.ஆர். ராவ். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் ஒரு கட்டுரை வெளிவந்தது. நான்கே பக்கம்.

அந்த நான்கு பக்கம் இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கே இல்லை என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். 1992இல் வந்த ஜேபெக் படமுறை அதில் நிற்கிறது. தொலைக்காட்சிப் படச் சுருக்க முறைகள் அதன் வழித்தோன்றல்கள். கைத்தொலைபேசியில் தேக்காவிலிருந்து தஞ்சாவூருக்கு முகம் பார்த்துப் பேசும்போது இரு முனையிலும் அந்தக் கணக்கு ஓடுகிறது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் 64 கொசைன் அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அலைகளைக் கழித்துவிடுகிறார்கள். சமிக்ஞை குறையும்போது படம் சதுரம் சதுரமாக உடைகிறதல்லவா, அப்போது வெளியே தெரிவது இந்தத் தையல்தான்.

கொள்ளைநோய்க் காலத்தில் உலகமே காணொளியில் பேசிக்கொண்டிருந்தபோது, 2021இல், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று தன் அத்தியாயத்தில் நசீர் அகமது தம்பதியின் கதையைச் சேர்த்துக்கொண்டது. அவர் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். நடராஜனின் பெயர் அந்த அளவுக்கும் வெளியே வரவில்லை. தமிழ் மணக்கும் ஒரு பெயர் உலகின் ஒவ்வொரு திரைக்கும் பின்னால் இருக்கிறது என்பதை, தமிழ்த் தொலைக்காட்சிகளாவது எப்போதாவது ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாம்.

ஒலியைச் சுருக்குவதிலும் இதே குடும்பத்துக் கணக்குதான். ஆனால் இங்கே மிருதங்கம் சண்டைக்கு வருகிறது. இன்று பரவலாகப் பயன்படும் ஏஏசி ஒலிமுறை, வழக்கமாக 2048 மாதிரிகள் கொண்ட துண்டுகளில் ஒலியை அலசும். ஏறத்தாழ 43 மில்லிநொடி. நீண்ட சுரத்துக்கு இது மிகப் பொருத்தம். துண்டின் பின்பாதியில் திடீரென ஓர் அடி விழுந்தால்? அலைகள் துண்டு முழுவதும் பரவியிருப்பதால், சுருக்கும்போது ஏற்படும் சிறு பிழையும் துண்டு முழுவதும் பரவும். கை தோலைத் தொடுவதற்கு முன்பே மெல்லிய இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும். எதிரொலி பின்னால் வரும் என்பது உலக வழக்கு. இங்கே அது முன்னால் வருகிறது! இதைத் தவிர்க்க, அடி வருவது தெரிந்ததும் துண்டை 256 மாதிரிக்குக் குறைத்துவிடும்படி பொறியாளர்கள் செய்திருக்கிறார்கள். இந்தக் குறையைச் சோதிக்க அவர்கள் பெரிதும் பயன்படுத்தியது ஸ்பானியக் கைச்சிப்ளா. அது 'டக்' என்று ஒலித்து நின்றுவிடும். 'டக்' என்று தொடங்கிப் பின் சுருதியோடு ரீங்கரிக்கும் மிருதங்கத்துக்கு நேரமும் வேண்டும், சுரமும் வேண்டும். சோதனை அறையில் அதை மேசைமேல் வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இதற்கு வேறு வழியே இல்லையா? வழி எண்ணெய் தேடப் போன இடத்தில் கிடைத்தது. ழான் மோர்லே ஒரு பிரெஞ்சு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர். பூமிக்குள் அதிர்ச்சியைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து அடியில் என்ன இருக்கிறது என்று கணிப்பது அவர் வேலை. ஒரே அளவுத் துண்டு அவருக்கு உதவவில்லை. முடிவில்லாமல் ஓடும் அலைக்குப் பதிலாக, சட்டென்று எழுந்து இரண்டு மூன்று முறை ஆடி அடங்கிவிடும் ஒரு குட்டி அலையை எடுத்துக்கொண்டார். அதை இழுத்து நீட்டினால் தாழ்ந்த சுரங்களை அளக்கும். நெருக்கிச் சுருக்கினால் உயர்ந்த சுரங்களை அளக்கும். தாழ்ந்த ஒலிக்கு நீண்ட துண்டு, உயர்ந்த ஒலிக்குக் குட்டைத் துண்டு என்று அளவுகோல் தானே மாறிக்கொள்கிறது. பேரம் ஒழிந்துவிடவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் ஏற்றபடி பேரம் பேசக் கற்றுக்கொண்டார்கள். இதைத்தான் வேவ்லெட் என்கிறார்கள். தமிழில் குற்றலை எனலாம்.

மோர்லேயின் முறைக்கு உடனே வரவேற்பு இல்லை. மார்செய் நகரின் இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மன் அதற்குக் கணித உருவம் கொடுக்க, 1984இல் இருவரும் கட்டுரை எழுதினார்கள். 1988இல் பெல்ஜியத்தில் பிறந்த இங்க்ரிட் டோபெஷீ, கணினியில் எளிதாக ஓடக்கூடிய குற்றலைகளைக் கட்டிக் கொடுத்தார். அதே காலத்தில், அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில், பெயரிலேயே பாலக்காட்டைச் சுமக்கும் பி.பி. வைத்தியநாதன், ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து இழப்பில்லாமல் திரும்பக் கூட்டும் வடிகட்டிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். பொறியாளர்களின் வடிகட்டியும் கணிதக்காரர்களின் குற்றலையும் ஒரே பிள்ளைக்கு இரண்டு வீட்டார் வைத்த பெயர் என்பது பிறகுதான் தெளிவானது.

முதல் பெரிய வெற்றி கைரேகையில். அமெரிக்காவின் எஃப்பிஐ வசம் 1990களின் தொடக்கத்தில் சுமார் மூன்று கோடிக் கைரேகை அட்டைகள் இருந்தன. ஒன்றைக் கணினியில் ஏற்றினால் பத்து மெகாபைட் இடம் பிடிக்கும். ஜேபெக் முறையில் சுருக்கினால் சதுரங்களின் ஓரத்தில் ரேகைகள் அறுந்து போயின. ரேகை அறுந்தால் வழக்கே அறுந்துவிடும். 1993இல் அவர்கள் குற்றலை முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினைந்தில் ஒரு பங்காகச் சுருக்கியும் ரேகைகள் தொடர்ந்து ஓடின.

இன்னொரு செய்தி தமிழ்ப் பட ரசிகர்களுக்கு. திரையரங்குகளுக்கு அனுப்பப்படும் மின்னிலக்கப் படப் பிரதிகளுக்கு உலகத் தரமாக உள்ளது ஜேபெக் 2000 என்ற முறை. அது குற்றலையில் கட்டப்பட்டது. அதே படம் பின்னர் தொலைக்காட்சிக்கு வரும்போது கொசைன் வழியில் வருகிறது. அரங்கத்தில் குற்றலை, வீட்டில் கொசைன். அகன்ற திரையில் ஒவ்வொரு படச் சட்டமும் தனித்து நின்று தெளிவாக இருக்க வேண்டும். வீட்டுக்கோ குறைந்த இடத்தில் நிறைய ஓட வேண்டும்.

கிளமெண்டி பேருந்து நிலையத்தில் 96ஆம் எண் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் வந்துவிடும். குற்றலை ஆய்வில் உலகம் அறிந்த இடம் அது. குற்றலைகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் அங்கே இயங்கியதுண்டு. அங்குள்ள கணிதப் பேராசிரியர் ஸுவோவெய் ஷென், ஏமோஸ் ரான் என்பவருடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட விதி ஒன்று இத்துறையில் அடிப்படைப் பாடமாகிவிட்டது. 2003இல் டோபெஷீயும் அவர்களோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். அவர்கள் சொல்வதன் சாரம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும். கச்சிதமாகத் தேவைக்கு மட்டும் அலைகளை வைத்துக்கொண்டால், ஒன்று தொலைந்தாலும் படத்தில் ஓட்டை விழும். கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டால், தொலைந்ததை மீதியிலிருந்து மீட்டுவிடலாம். நான்கு பேருக்குச் சமைக்கும்போது ஐந்தாவது ஆளுக்கும் உலை வைப்பதைப் போல. மங்கிய படத்தைத் தெளிவாக்கவும் கிழிந்த படத்தை நிரப்பவும் இந்த முறை பயன்படுகிறது.

இப்போது தாத்தாவின் காதுக்குத் திரும்புவோம்.

காது கேட்கும் கருவியும் ஒலியைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. எந்தப் பட்டையில் காது பலவீனமோ அந்தப் பட்டையை மட்டும் உயர்த்துகிறது. ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிரில் இருப்பவரின் உதடு அசைவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே தாமதம் கூடாது. தன் சொந்தக் குரலே பிந்திக் கேட்டால் எரிச்சலாகிவிடும். அதனால் எல்லா வேலையையும் சுமார் பத்து மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். பத்து மில்லிநொடித் துண்டில் 100 அதிர்வுக்குக் குறைந்த வேறுபாட்டைப் பிரித்தறிய முடியாது. சட்ஜமத்துக்கும் ரிஷபத்துக்கும் இடைவெளி 16 என்று பார்த்தோம். கருவியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே அறையில் அடைக்கப்பட்ட இரண்டு பேர்.

அதற்கு மேல் கருவி ஊகிக்கத் தொடங்குகிறது. மனிதப் பேச்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி, குளிர்சாதனம் போன்றவை மாறாமல் ஒலிக்கும். எனவே மாறாத ஒலி இரைச்சல், அதைக் குறை என்பது அதற்குக் கற்பிக்கப்பட்ட விதி. மாறாமல் ஒலிப்பதே தம்பூராவின் தர்மம். கருவி அதை மின்விசிறியாக நினைத்து மெல்ல மெல்ல அமுக்கிவிடுகிறது. இன்னொன்று, கருவியின் ஒலிபெருக்கியிலிருந்து ஒலி கசிந்து அதன் ஒலிவாங்கிக்கே போனால் 'கீ' என்று ஊளையிடும். அதை அடக்க ஓர் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. பாடகர் ஒரு சுரத்தை அசையாமல் நீட்டும்போது, இது என் ஊளைதான் என்று எண்ணிக் கருவி அதை எதிர்த்து ஓர் அலையை விடுகிறது. இரண்டும் மோதி நடுங்குகின்றன. பலமான ஒலியைக் குறைத்து மெல்லிய ஒலியைக் கூட்டும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, மிருதங்கத்தின் அடி மழுங்கித் தகரமாகிறது.

தாத்தாவின் மூன்று புகார்களும் பொறியியல் பாடத்தின் மூன்று பக்கங்கள். அவர் காது ஒன்றும் பொய் சொல்லவில்லை.

பல கருவிகளில் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றை வைக்க முடியும். இரைச்சல் குறைப்பை அணைத்து, ஊளை அடக்கியை மெதுவாக்கி, பலத்த ஒலியை அதிகம் நெருக்காமல் விடும் அமைப்பு. செவித்திறன் நிபுணர் தம் கணினியில் சிறிது நேரத்தில் அமைத்துவிடலாம். பிறகு கருவியின் பொத்தானையோ கைத்தொலைபேசிச் செயலியையோ தட்டினால் மாறிக்கொள்ளும். ஆனால் கேட்டால்தான் வைப்பார்கள். சோதனை அறையில் அவர்கள் பேசித்தான் பார்ப்பார்கள். அங்கே பேச்சு நன்றாகக் கேட்கும். "சரியா இருக்கா, அங்கிள்?" என்றால் பெரியவர்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். போகும்போது கைத்தொலைபேசியில் ஒரு தம்பூராப் பதிவையும், நல்ல தனி ஆவர்த்தனம் ஒன்றையும் எடுத்துப் போய், அங்கேயே ஒலிக்கவிட்டுக் கேட்டுப் பார்ப்பது நல்லது. தம்பூரா தேய்கிறதா என்று இரண்டு நிமிடம் பொறுத்துக் கேட்க வேண்டும். தேய்ந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பேத்தி அப்படித்தான் செய்தாள் என்று வைத்துக்கொள்வோம். இழுப்பறையிலிருந்து கருவி மறுபடி வெளியே வந்தது. அடுத்த கச்சேரியில் தாத்தா தனி ஆவர்த்தனம் முடியும் வரை அதைக் கழற்றவில்லை. முடிந்ததும் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப நல்லா கேக்குதா, தாத்தா?"

"கேக்குதும்மா. தொப்பியில ரவை காஞ்சிருக்கு போல. 'தொம்' சரியா விழலை."